கேட்காமல் வைத்த பெயர்

காலடிகள் பனிக்கு மேலே எழுந்து நின்றன. பனி இளகலாக இருக்கும்போது யாராவது நடந்தால் மிதித்த இடம் இறுகிப்போகும். பிறகு காற்று வந்து சுற்றிலும் உள்ள தளர்ந்த பனியை வாரிக்கொண்டு போய்விட, மிதித்த இடம் மட்டும் பாத அளவு மேடையாக மிஞ்சும். ரீபா பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற சங்கதிதான். ஆனால் இந்தக் காலடிகள் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்து, குடிலின் கதவு வரை போய், அங்கேயே நின்றுவிட்டிருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. கதவின் வெளிக்கொக்கியோ மாட்டியது மாட்டியபடி இருந்தது.

"யாரோ மலையேற வந்த ஆளா இருக்கும்" என்றான் அவள் புருஷன் ஜேபிட்டி, பனிவண்டியை அணைத்துவிட்டு.

"குளிர்காலத்துல யாரும் பேரு பதியலைன்னு நீதானே சொன்னே?"

"அப்ப கரடி. பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கு."

அவன் அந்த வடதுருவப் பகுதிப் பூங்காவின் காவலன். கோடை வருவதற்கு முன் பள்ளத்தாக்கில் உள்ள அவசரக் குடில்களை எல்லாம் பார்த்து, எண்ணெயும் தீப்பெட்டியும் ரொட்டியும் நிரப்பிவைப்பது அவன் வேலை. பூங்கா என்று பெயர்தான் பெரிது. இரண்டு பக்கமும் கருத்த மலை, நடுவில் உறைந்த ஆறு, தலைக்கு மேலே எங்கிருந்தோ தொங்கும் பனிப்பாறைகள். பூ என்று தேடினால் ஜூலையில் நகக்கண் அளவு ஏதாவது கிடைக்கும். வருகிற வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் முதல் இரண்டு நாள் வாயைப் பிளந்துகொண்டும், மீதி நாள் வாயை மூடிக்கொண்டும் நடப்பார்கள்.

ரீபா குனிந்து ஒரு காலடியைப் பார்த்தாள். முதுகில், கோட்டோடு சேர்த்துத் தைத்த அகலமான பைக்குள் குழந்தை அசைந்தது. பூட்ஸின் வரிகள் அதில் இல்லை. வழவழவென்று இருந்தது. விரல் பக்கம் மட்டும் நெருக்கமான சுருக்கங்கள். சீல் என்னும் கடல்நாயின் தோலைப் பல்லால் கடித்துச் சுருக்கி, நரம்பு நூல் கோத்துத் தைத்த அடித்தோல். அவளும் அப்படித்தான் தைப்பாள். ஊரில் இன்னும் நிறையப் பேர் அப்படித்தான் தைப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

இரண்டு வசந்தத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் இபீலி இந்தப் பள்ளத்தாக்கில்தான் காணாமல் போனான். பனிவண்டி இந்தக் குடிலுக்குச் சற்று மேலே ஆற்றங்கரையில் கிடைத்தது. சாவி இருந்தது, துப்பாக்கி இருந்தது, பாதி குடித்த தேநீர்க் குடுவைகூட இருந்தது. ஆள் மட்டும் இல்லை. ஊரே திரண்டு தேடியது, விமானம் பறந்தது, பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே அண்ணன். அப்பா அம்மா போன பிறகு வளர்த்தவனும் அவன்தான்.

அடுத்த கோடையில் அவளுக்கு மகன் பிறந்தான். போனவர்களின் பெயர் பிறக்கும் குழந்தைக்கு வந்து சேரும் என்பது அவர்கள் வழக்கம். பெயரோடு ஆளும் வந்து சேர்வார் என்பது நம்பிக்கை. அதனால் தாத்தா பெயர் வைத்த பையனை அவன் அம்மாவே "அப்பா" என்று கூப்பிடுவாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். இறந்தவரிடம் கேட்க வேண்டியதில்லை, அவரே கனவில் வந்து பெயரைக் கொடுப்பார். உயிரோடிருப்பவர் பெயரையும் வைக்கலாம், ஆனால் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். இபீலி யார் கனவிலும் வரவில்லை. போய்க் கேட்கவும் வழியில்லை.

"கொஞ்சம் பொறு, வருவான்" என்றாள் சௌத்லு, ஜேபிட்டியின் அத்தை. ஊரில் பாதிப் பிள்ளைகளைப் பிறக்கவைத்த கை அவளுடையது. ரீபா பொறுக்கவில்லை. ஆசை யாரை விட்டது? ஈரம் காயாத குழந்தையின் காதில் "இபீலி" என்று சொன்னாள், சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அன்றிலிருந்து மகனுக்கு அவள் "அண்ணா" என்றுதான் சொல்வாள். ஜேபிட்டி தன் சொந்தப் பிள்ளையை "மச்சான்" என்று கூப்பிட்டான். "மச்சான் ராத்திரி முழுக்கத் தூங்க விடலைப்பா. உயிரோட இருந்தப்பவும் இவன் இப்படித்தான், சீட்டாட உக்காந்தா விடமாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

தூங்க விடாததுதான் குறை. குழந்தை அழுதான். பத்து மாதமாக, காரணமில்லாமல், பால் குடித்து வயிறு நிறைந்த பிறகும் அழுதான். பெயர் பொருந்தாத பிள்ளைதான் அப்படி அழும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேறு பெயர் மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். ரீபா கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டால் அண்ணன் மறுபடியும் போய்விடுவானே! அந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் "அண்ணா, உன் பேரு இவன்கிட்ட பத்திரமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகத்தான் இந்த முறை புருஷனோடு புறப்பட்டு வந்தாள்.

குடிலுக்குள் யாரும் இல்லை. இரண்டு மரப்பலகைக் கட்டில், ஒரு மேசை, சுவரில் ரேடியோ, மூலையில் ஸ்டவ். பூட்டிய அறையின் பழைய எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது, ஈரமான கல்லைப் புரட்டினால் வருமே, அது. ஜேபிட்டிக்கு அது தெரியவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்தான். உறைந்த மீனைக் கத்தியால் சீவிச் சீவி இரண்டு பேரும் தின்றார்கள், சுடச்சுடத் தேநீர் குடித்தார்கள். குழந்தை மீன் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"ஆத்துல பனிக்கு மேல தண்ணி ஏறியிருக்கான்னு பாத்துட்டு, வழிக்கு அடையாளமாக் குச்சி நட்டுட்டு வந்துடறேன். நாளைக்கு உன்னையும் மச்சானையும் வச்சுக்கிட்டுத் தண்ணில இறங்க முடியாது."

"சீக்கிரம் வா."

"துப்பாக்கி கதவுகிட்ட இருக்கு. பூட்ஸ் போட்ட கரடி வந்தா டீ குடு."

பனிவண்டியின் சத்தம் தேய்ந்து, மலையில் மோதித் திரும்பி, மறுபடியும் தேய்ந்து, கடைசியில் ஸ்டவ்வின் சீறல் மட்டும் மிஞ்சியது. மே மாதம் அது; சூரியன் சுற்றிச் சுற்றி வருமே தவிர முழுசாகப் போகாது. அந்த வெளிச்சத்தில்தான் முகில் இறங்கியது. முதலில் மலையுச்சிகளை எடுத்துக்கொண்டது, பிறகு ஆற்றை, பிறகு ஜேபிட்டி முற்றத்தில் கழற்றி விட்டுப்போன சறுக்கு வண்டியை. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, எதற்கும் நிழல் இல்லாமல், மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல், ஜன்னல் ஒரு வெள்ளைத் தாள்போல ஆனது. ஜேபிட்டி எங்காவது வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். இந்த வெளிச்சத்தில் நகர்கிறவன் முட்டாள். அவன் முட்டாள் இல்லை.

குழந்தை அழத் தொடங்கினான்.

அவள் அவனை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, மேசைக்கும் கதவுக்குமாக நடந்தாள். முழங்காலை மடக்கி மடக்கி ஆட்டினாள். பாட்டு முனகினாள். "அண்ணா, அண்ணா, என்ன வேணும் அண்ணா?" என்று கேட்டாள். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. மூச்சு முட்டி, நடுவில் ஒரு விக்கல் போட்டு, மறுபடியும் எடுக்கும் அந்த அழுகை அவள் பிடரியில் சூடாக விழுந்தது. கூரைத் தகரம் குளிரில் டிக் டிக் என்று சுருங்கியது. சுவரோரம் பனி உரசும் சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தாள். காற்றே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அது நடக்கும் சத்தம். காய்ந்த பனியைக் கால் மிதித்தால் வருகிற கிரீச், கிரீச். ஒருவர் குடிலைச் சுற்றி வருகிறார். அவசரமில்லாத நடை. ஒரு மூலை, அடுத்த மூலை, ஜன்னல்.

"ஜேபிட்டி?"

நடை நிற்கவில்லை. ஜேபிட்டி வந்திருந்தால் வண்டிச் சத்தம் கேட்டிருக்குமே. அவள் ஜன்னலுக்குப் போனாள். வெள்ளை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்டது எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இருட்டாக இருந்தால் காலையில் விடியும் என்றாவது இருக்கலாம்.

கதவுக்குக் குறுக்கே மரக்கட்டையைப் போட்டாள்.

சுவரில் ரேடியோ கரகரத்து உயிர் பெற்றது. சாயங்கால நேரம், வெளியில் முகாம் போட்டிருக்கும் எல்லாரும் பேசிக்கொள்ளும் வேளை. யாருக்கு எத்தனை மீன், யார் வீட்டில் பல்வலி, யாருடைய நாய் குட்டி போட்டது என்று ஊர் மொத்தமும் கேட்கும். அந்தக் கலகலப்பு கேட்டதும் ரீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சௌத்லு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ரீபா ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

"அத்தை! நான்தான். குடில்ல இருக்கேன்."

"என்னடி, ஊருக்கே கேக்குது அழுகை. வயித்து வலியா?"

"இல்லத்தை. பால் குடுத்தேன், குடிக்க மாட்டேங்குறான். அழுதுட்டே இருக்கான்."

"ஜேபிட்டிகிட்டக் குடு கொஞ்ச நேரம். சும்மாதானே பேசிக்கிட்டு இருக்கான்."

"அவன் ஆத்துக்குப் போயிருக்கான் அத்தை. முகில் இறங்கிடுச்சு. நான் மட்டும்தான் இருக்கேன்."

"ரீபா." சௌத்லுவின் குரல் இறங்கியிருந்தது. "அப்ப உன் பின்னாடி யாரு பேசறது?"

"யாரும் இல்லையே."

"ஆம்பளைக் குரல். பிள்ளை அழற சத்தத்துக்கு நடுவுல. நான் யாரு, நான் யாருன்னு கேக்குது."

ரீபா திரும்பிப் பார்த்தாள். கட்டில், மேசை, ஸ்டவ், கதவு. காதருகே குழந்தையின் அலறல். அதைத் தாண்டி அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"கதவைத் திறக்காதே. நான் சொல்றதைக் கேளு. பிள்ளைக்கு வேற பேரு வை, இப்பவே. எங்க அப்பா பேரை எடுத்துக்கோ. குட்லுன்னு சொல்லு. முதல்ல புதுசைப் போடு, அப்புறம்தான் பழசை எடுக்கணும். கேட்டுதா? ஒரு நொடிகூடப் பிள்ளை பேரு இல்லாம..."

இரைச்சல் விழுங்கிவிட்டது. ரீபா பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் வரவில்லை.

குட்லு. சின்னப் பெயர். நல்ல மனிதரின் பெயர். சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அதற்குப் பிறகு இபீலியை எடுக்க வேண்டும். எடுத்தால் அண்ணன் எங்கே போவான்? ஒரு பெயர்கூட இல்லாமல் இந்த வெள்ளைக்குள் எங்கே போவான்? பெற்ற மனம் ஒரு பக்கம் இழுத்தது, உடன்பிறந்த மனம் மறுபக்கம் இழுத்தது. அவள் வாயைத் திறந்து, மூடினாள்.

நடை நின்றது.

கதவுக்கு வெளியே. அந்த ஈரக் கல் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. ஏதோ ஒன்று மரத்தில் சாய்ந்தது. கனமாக. பிறகு ஒரு தடவல். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கொக்கியைத் தேடவில்லை. கதவு என்றால் என்ன என்றே தெரியாதவன் தடவுவதுபோல இருந்தது.

குழந்தை மூச்செடுக்க நிறுத்திய அந்தச் சின்ன இடைவெளியில் அது அவள் காதில் விழுந்தது.

"நான் யாரு?"

இபீலியின் குரல். மூக்கால் பேசுவதுபோல, கடைசி எழுத்தை இழுத்து. அவளைத் தோளில் தூக்கிப் போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த குரல். கோபமில்லை அதில், மிரட்டல் இல்லை. வழி தவறியவன் வீடு வீடாகக் கேட்பதுபோல, பொறுமையாக, மரியாதையாக.

"நான் யாரு? சொல்லுங்களேன். எனக்குத் தெரியல."

ரீபா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பத்து மாதம். பத்து மாதமாக இவன் இப்படிக் கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறான். கேட்ட இடத்திலெல்லாம் பதில் இல்லை. பதிலை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"குளிருது" என்றது குரல். "யாரையோ தேடி வந்தேன். யாருன்னு மறந்துபோச்சு. நான் யாருங்க?"

தாங்க முடியவில்லை. எந்தத் தங்கைக்குத் தாங்கும்? பயம் எல்லாம் எங்கோ போய், நெஞ்சு வெடித்து, கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அவள் கத்தினாள்.

"இபீலி! நீ இபீலி! என் அண்ணன் நீ! உன் பேரு இபீலி!"

வெளியே ஒரு நீண்ட மூச்சு. ஆழத்திலிருந்து மேலே வந்தவன் முதலில் இழுக்கும் மூச்சு அது.

உள்ளே மௌனம். ஸ்டவ் சீறியது. கூரை டிக் என்றது. ரீபா நெற்றியைக் கதவில் சாய்த்து அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். எத்தனை அமைதி. பத்து மாதத்தில் இப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை.

அப்போதுதான் உறைத்தது.

பிடரியில் சூடு இல்லை.

தோளை அசைத்தாள். முதுகுப் பையில் கனம் அப்படியே இருந்தது. அசையவில்லை. கயிற்றைத் தளர்த்தி, கையை உள்ளே விட்டு, அவனை முன்பக்கம் இழுத்துக் கட்டிலில் கிடத்தினாள். கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், வியர்க்கும் அறையில், அவன் இமைமயிரில் பனி பூத்திருந்தது.

"குட்லு" என்றாள். "குட்லு. நீ குட்லு. கேக்குதா? உன் பேரு குட்லு."

கன்னத்தைத் தேய்த்தாள். வாயில் ஊதினாள். அப்பா பெயரைச் சொன்னாள். அம்மா பெயரைச் சொன்னாள். போன வருடம் இறந்த பக்கத்து வீட்டுக்காரியின் பெயர். தனக்குத் தெரிந்த இறந்தவர் எல்லாருடைய பெயரும். ஒவ்வொன்றும் அந்தச் சின்னக் காதில் விழுந்து, தங்க இடமில்லாமல் வெளியே வந்தது. உதடு நீலமாயிற்று. விரல்கள் விறைத்தன. பெயர் போன வழியில் அவனும் போயிருந்தான்.

வெளியே அழுகை தொடங்கியது.

முதலில் சிணுங்கல். பிறகு உரத்து. மூச்சு முட்டி, நடுவில் ஒரு விக்கல், மறுபடியும் எடுப்பு. ஆயிரம் பிள்ளைகள் அழுதாலும் தாய்க்குத் தன் பிள்ளையின் அழுகை தெரியும். அது அவள் பிள்ளை. கதவுக்கு அந்தப் பக்கம். ஆனால் சத்தம் தரையிலிருந்து வரவில்லை. ஓர் ஆளின் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். உடம்பு பொத்திக்கொள்ளவில்லை. மார்பு கடுத்தது. பால் சுரந்து, சட்டையை நனைத்து, வயிற்றுப் பக்கம் சூடாக வழிந்தது.

"அழாதே" என்றாள். "அழாதே, அழாதே, அம்மா வந்துட்டேன்."

கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கட்டையை எடுத்தாள். கதவை இழுத்தாள்.

வெள்ளை. அதன் நடுவில், வாசலில், இப்போது முழங்காலில் சரிந்து ஓர் ஆள். அவள் தைத்த காலணி. இடுப்புவரை உறைந்து ஒட்டிய கோட்டு. முகம் அண்ணனுடையது, இரண்டு குளிர்காலம் கறுத்துக் கல்லாகிப்போன முகம், பாதி உதடு இல்லை. அந்த வாய் அகலத் திறந்து அவள் பிள்ளையின் குரலில் வீறிட்டது. அவளைக் கண்டதும் அழுகை ஒரு விக்கலோடு நின்றது. தெரிந்துகொண்ட கண்கள். விறைத்த இரண்டு பெரிய கைகளும் மெல்ல மெல்ல மேலே உயர்ந்தன, தூக்கச் சொல்லி.

ரீபா, பால் கொடுக்க, தன் கோட்டின் கழுத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.